கேடியின் பாட்டு

தெரு நாட்டாமை ஆவுடைநாயகம் சாப்பிட்டு எழும்வரை பேராச்சி அவர் வீட்டு முற்றத்தில் காகிதமும் கையுமாக நின்றாள். அவர் நிதானமாக மோர் ஊற்றிச் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலையும் போட்டுக்கொண்ட பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார். காகிதத்தைக் கையில் வாங்கவில்லை.

"கையெழுத்துப் போட முடியாதுன்னு ஒம் புருசன்கிட்டயே சொல்லியாச்சு. நீ எதுக்கு வந்து நிக்க?"

"ரெண்டு வருசமாக் குடிக்கல, அண்ணாச்சி. நாட்டாமை கையெழுத்து ஒண்ணு இருந்தாப் போதும், கேடி லிஸ்ட்டுல இருந்து பேரை அடிச்சிருவோம்னு ஏட்டையா சொல்லுதாரு."

"மதுரைக்குப் போயி மறுபடி குடிச்சாம்னா எம் பேருல்லா நாறும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி அகிலாண்டேஸ்வரி, போட்டுக் கொடுத்தால்தான் என்ன என்று மெல்லக் கேட்டாள். அவர் பார்த்த பார்வையில் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பேராச்சியின் புருஷன் சுடலைக்கண்ணு ஒன்றும் உத்தமன் அல்ல. குற்றாலத்து மலையடிவாரத்தில் ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சியவன். விற்றதைவிடக் குடித்ததே அதிகம். கடைசியில் குடிக்க வழியில்லாமல் ஒரு தாமிர அண்டாவைத் திருடி, பாளையங்கோட்டை ஜெயிலில் ஒன்றரை வருஷம் கிடந்தான். வெளியே வந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் அவனைக் கேடி என்று எழுதிக்கொண்டார்கள். தினமும் மாலை ஆறு மணிக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். அனுமதி இல்லாமல் தென்காசித் தாலுகா எல்லையைத் தாண்டக் கூடாது.

அவனுக்கு வேலை கொடுக்க நாதியில்லை. அந்தச் சாரல் காலத்தில் தெருச் சடுகுடுக் கோஷ்டியில் ஓர் ஆள் குறைந்தது. ஒப்புக்கு அவனை இழுத்து நிறுத்தினார்கள். முதல் நாள் எதிர்க்களத்துக்குப் பாடிப் போனவன் நாலு எட்டில் மூச்சு முட்டி, நடுக்கோட்டிலேயே வாந்தி எடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளும் வந்தான். உடம்பெல்லாம் சாராயம் கேட்ட நாட்களில் அந்தப் புழுதியில்தான் விழுந்து புரண்டான். விடியற்காலம் குற்றாலத்துக்கு ஓடி, அருவியில் நின்றுவிட்டு, திரும்பியும் ஓடியே வந்தான். இரண்டு வருஷத்தில் அவனைப் பிடித்து நிறுத்தத் தென்காசி வட்டாரத்தில் ஆள் இல்லை.

வென்ற கப்புகளெல்லாம் கோஷ்டித் தலைவர் ஆவுடைநாயகத்தின் கூடத்தில் வரிசையாக நின்றன. அந்தக் கூடத்துக்குள் சுடலைக்கண்ணு மட்டும் கால் வைக்கக் கூடாது. வெண்கலச் சாமான் புழங்குகிற வீடாயிற்றே!

வாசுதேவநல்லூர் மாதிரி வெளியூரில் ஆட்டம் என்றால் மட்டும் நாட்டாமையே ஸ்டேஷனுக்குப் போய், ஒரு நாளைக்கு நான் பொறுப்பு என்று சொல்லி அவனை அழைத்துப் போவார். மறுநாள் அவன் பழையபடி கேடி. அப்படிப் போன இடத்தில்தான் மதுரை மில்காரர் ஒருவர் அவனைப் பார்த்தார். மில்லில் வேலை, மில் கோஷ்டியில் ஆட்டம், குடியிருக்க வீடு. மாதம் முடிவதற்குள் வந்து சேர வேண்டும். கேடிப் பட்டியலில் பெயர் இருக்கக் கூடாது.

பெயரை அடித்தால் ஆள் போய்விடுவான். ஆள் போனால் கப் போய்விடும். இந்த அற்பத்தனத்துக்குத் தெருவின் மானம் என்று பெயர் வைத்தார் அந்தப் பெரிய மனுஷர்.

மூன்றாம் நாள் தென்காசியில் வீரகேரளம்புதூர்க் கோஷ்டியோடு கடைசி ஆட்டம். மேடையில் மாலையும் கழுத்துமாக ஆவுடைநாயகம். இரண்டு பக்கமும் சமமாக நிற்க, கடைசிப் பாட்டுக்குச் சுடலைக்கண்ணு கோட்டைத் தொட்டுக் கும்பிட்டான். மூச்சு விடாமல் பாட வேண்டும், அவ்வளவுதான். என்ன வார்த்தை என்பது பாடுகிறவன் இஷ்டம்.

"கேடி கேடி கேடி கேடி" என்று பாடிக்கொண்டு உள்ளே போனான்.

கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. அவன் இரண்டு பேரைத் தொட்டுவிட்டான். திரும்ப வழி திறந்து கிடந்தது. நடுக்கோட்டுக்கு இரண்டே எட்டுதான். அவனுடைய கோஷ்டி ஆர்ப்பரித்து எழுந்தது. அவனோ பக்கவாட்டில் திரும்பி, எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியேறி, பாட்டை நிறுத்தாமல் மேடைக்கு முன்னால் வந்து நின்றான். மூச்சு தீரும்வரை நாட்டாமையின் முகத்தைப் பார்த்தே பாடினான். நடுவர் ஊதல் ஊதினார். களத்தை விட்டு வெளியே போனவன் அவுட். கப் வீரகேரளம்புதூருக்குப் போயிற்று.

"அண்ணாச்சி, இனி ஒரு கப்புக்கும் நான் பாடிப் போவ மாட்டேன்" என்றான் சுடலைக்கண்ணு, இரைக்க இரைக்க. "என்னால ஒங்களுக்கு ஒரு பிரயோசனமும் கெடையாது. இப்பமாவது கையெழுத்துப் போடலாம்லா?"

ஆவுடைநாயகத்துக்கு முகம் கறுத்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார்.

"பாத்தியளா கேடிப் பய புத்திய. இதுக்குத்தான் நான் போடல."

மேடையில் இருந்த தலைகள் எல்லாம் ஆடின. அப்போது பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து பேராச்சி முன்னால் வந்தாள்.

"இது அவுக இன்னைக்குச் செஞ்சது. முந்தாநாளு எதுக்குப் போடல, அண்ணாச்சி?"

ஆறு மணி ஆகப் போகிறதென்று சுடலைக்கண்ணு சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்டேஷனில் கையெழுத்துப் போடக் கிளம்பினான்.