கெடு முடிந்த புத்தகம்

மச்சினியின் முதல் செய்தி வந்தபோது நான் ஒரு பெரியவரின் முழங்காலை எக்ஸ்ரே மேஜைமேல் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். படம் எடுத்து அவரை அனுப்பிவிட்டு, வராந்தாவுக்கு வந்து போனைப் பார்த்தேன்.

"மாமா, உங்களுக்கு எந்த மாதிரி புக் பிடிக்கும்? பேயா, கொலையா, சரித்திரமா?"

பதில் போடவில்லை. படிப்பவள் என் மனைவி. கல்லூரியை விட்டபின் நான் முழுசாகப் படித்தது எக்ஸ்ரே இயந்திரத்தின் கையேடு ஒன்றுதான்.

மச்சினி முந்தின நாள்தான் வந்திருந்தாள். மாலை முழுக்க நான் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "சுவர்ல என்ன படம் மாமா ஓடுது?" என்றாள். பிறகு வைஃபை பாஸ்வேர்ட் கேட்டாள். போனுக்குத்தானே என்று கொடுத்தேன்.

அடுத்து அட்டைப்படங்கள் வந்தன. காலையிலிருந்து மின்நூல் கடையைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மூழ்கிய கப்பல்களைப் பற்றி ஒன்று. செவ்வாயில் குடியேறிய குடும்பத்தின் சண்டைகள் ஒன்று. குடித்தனக்காரர்களைக் கண்டு பயப்படும் பேய் ஒன்று. காளான்களைப் பற்றித் தடியாக ஒன்று. அவள் அக்காவும் இப்படித்தான் தேடுவாள். ஒரு வகையை முடித்தால் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொன்றுக்குத் தாவுவாள். கடை காட்டும் சிபாரிசுகளை ஒதுக்கிவிடுவாள். "நேத்து வச்சதையே இன்னைக்கும் சூடு பண்ணி வைக்குது" என்பாள். இலவசமாகத் தரும் முதல் அத்தியாயத்தைப் படித்துப் பார்த்து, பிடித்திருந்தால் நூலகத்தில் மின்நூலாக இரவல் எடுப்பாள்.

மணிக்கட்டு பிசகிய ஒரு பெண்ணை முடித்துவிட்டு வந்தேன். மூன்றாவது செய்தி காத்திருந்தது.

"வகைக்கு ஒண்ணா எடுத்துட்டேன். அக்கா ரீடர்லயே இறக்கிடறேன். அது சும்மாதானே கிடக்கு."

அது சும்மா கிடக்கவில்லை.

மின்நூல் படிக்கும் அந்தச் சின்னக் கருவியில் ஒரு கொலைக் கதை இருக்கிறது. நூலகத்து இரவல். கெடு முடிந்தபின் ரீடர் ஒருமுறை இணையத்தைத் தொட்டால் போதும், புத்தகம் தானாக மறைந்துவிடும். கெடு நெருங்கியபோது என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். ரீடரை ஃப்ளைட் மோடில் போட்டாள். "கெடு முடிஞ்சது ரீடருக்குத் தெரிஞ்சாத்தானே" என்று கண்ணடித்தாள்.

அவள் அதை முடிக்கவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. ரீடரைத் திறந்தால் அவள் நிறுத்திய பக்கம் வரும். ஒரு போலீஸ்காரர் தோட்டக்காரனிடம் அவனுடைய பூட்ஸ் ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்கிறார். நான் தினமும் திறந்து அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு மூடுவேன். அடுத்த பக்கத்துக்குப் போனதில்லை. போனால் அவள் விட்ட இடம் போய்விடும். இணையம் வந்தால் புத்தகமே போய்விடும்.

உள்ளே அடுத்தவரைப் படுக்க வைத்துக்கொண்டே போனில் அடித்தேன்: "ரீடரைத் தொடாதே. ஃப்ளைட் மோடை எடுக்காதே." அனுப்பினேன். தோள்பட்டை ஒன்று, மார்பு ஒன்று எடுத்தேன். பிறகு போனைப் பார்த்தால் செய்தி போகவே இல்லை.

எக்ஸ்ரே அறையின் சுவரில் ஈயத் தகடு. கதிர் வெளியே போகாது, சிக்னலும் போகாது. எல்லோரையும் வராந்தாவுக்குப் போய்ப் பேசச் சொல்பவன் நான்தான்.

வராந்தாவிலிருந்து கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வரவேற்பில் இருப்பவரை, அவர் குரலுக்காக, நாங்கள் ஸ்பீக்கர் அக்கா என்போம். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன தம்பி, வீடு பத்திக்கிச்சா?"

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

"கிளம்புங்க. யாராவது எலும்ப உடைச்சுக்கிட்டு வந்தா, ஒரு மணி நேரம் பொறுத்து உடைச்சுக்கச் சொல்றேன்."

பைக்கில் போகும்போது சட்டைப் பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. நிறுத்திப் பார்க்கவில்லை. இறக்கிவிட்டேன் என்று சொல்லத்தான் இருக்கும். சிக்னலில் பக்கத்துக் காரில் ஒருவர் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்தது தெரிந்தது.

குடியிருப்பின் வாசலிலேயே மீட்டர் பலகை. எங்கள் வீட்டு மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினேன். மின்சாரம் போனால் வைஃபை போகும். என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டு படியேறினேன். மச்சினியின் போனிலும் இணையம் உண்டு என்பது இரண்டாவது மாடியில்தான் உறைத்தது. அதற்கு மேல் ஓடினேன்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மச்சினி ஜன்னலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ரீடர். அவளுடைய போன் சோபாவில் குப்புறக் கிடந்தது.

"இப்பதான் கரண்ட் போச்சு மாமா. என்ன, இந்நேரத்துல?"

"இறக்கிட்டியா?"

அவள் பதில் சொல்வதற்குள் ரீடரைப் பிடுங்கினேன். மேல் மூலையில் ஃப்ளைட் மோடின் சின்ன விமானம் அப்படியே இருந்தது. மூச்சு வந்தது. பிறகுதான் திரையைப் பார்த்தேன். போலீஸ்காரர் இல்லை, பூட்ஸ் இல்லை. நடுவில் ஒரே ஒரு வார்த்தை: முற்றும்.

"இறக்கலாம்னுதான் எடுத்தேன். இது திறந்துச்சு. ஒரு பக்கம் பார்ப்போம்னு ஆரம்பிச்சேன், மிச்சம் இருந்ததே கொஞ்சம்தான், வைக்க முடியல. போன் அடிச்சதுகூடத் தெரியல. முடிச்சுட்டுத்தான் உங்களுக்கு மெசேஜ் போட்டேன்."

"அது அவ நிறுத்தின இடம்."

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தெரியும் மாமா. ஈர பூட்ஸ். அன்னைக்கு அக்கா ஆஸ்பத்திரிலேர்ந்து போன் பண்ணினா. தோட்டக்காரன் கொலை பண்ணலடி, யாரையோ காப்பாத்தறான்னா. நான், அவன்தான்க்கா கொலைகாரன்னேன். மிச்சத்தப் படிச்சுட்டுக் கூப்பிடறேன்னு போனை வச்சா."

அதற்குப்பின் கூப்பிடவில்லை. அதை மச்சினி சொல்லவேண்டியிருக்கவில்லை.

எனக்கு இது தெரியாது. என்னிடம் சொல்லியிருந்தால், யார் அந்தத் தோட்டக்காரன் என்று கேட்டிருப்பேன். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். தேடினால் வந்துவிடும். ஆனால் திறந்தவுடன் தானாக வராது. அவ்வளவுதான் வித்தியாசம். இத்தனை நாளும் அந்த ஒரு பக்கத்தில் என் மனைவி நிற்கிறாள் என்று நான் காவல் இருந்தேன். அவளோ அடுத்து என்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அவ சொன்னது சரியா?"

"சொல்ல மாட்டேன்."

"அப்ப எனக்கு எப்படித் தெரியும்?"

"ஏன், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதா?"

அவள் அக்காவின் குரல்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

கீழே போய் சுவிட்சை மேலே தள்ளினேன். திரும்பி வந்தபோது வைஃபை பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன. ரீடரை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். விமானத்தைத் தொடவில்லை. முதல் அத்தியாயத்துக்குப் போனேன். மழை பெய்த ஒரு காலை. வாயிற்கதவு திறந்து கிடந்தது.

"அப்ப காளான்?" என்றாள்.

"இது முடியட்டும்."

"அதை இறக்கணும்னா கனெக்ட் பண்ணணும் மாமா. இது போயிடும்."

"தெரியும்" என்றேன். அடுத்த பக்கத்துக்குப் போனேன்.