எண்பத்தாறு குடும்பங்களின் சார்பில்

மகஜரின் பதினான்காம் பக்கத்தில் தன் மாமனாரின் பெயரைக் கண்டதும், எழுந்து கதவைச் சாத்த வேண்டும் என்றே மக்கீனுக்கு முதலில் தோன்றியது. கல்முனைக் கடைத்தெருவில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில், அவன் வேலை பார்த்த அந்தக் கந்தோரில் அவனைத் தவிர ஒருவரும் இல்லை. ஆயினும் சாத்தினான். பிறகு நின்றபடியே மறுமுறை வாசித்தான்.

'மாவடிப்பள்ளி. எண்பத்தாறு குடும்பங்களின் சார்பில், குடித் தலைவர் கச்சிமுகம்மது மரைக்கார்.' பக்கத்தில் அவருடைய கையெழுத்து. அதன் கீழே அந்தக் குடியின் மாடுகளுக்குத் தொடையில் சுடும் குறி: ஒரு வளைவு, அதனுள் இரண்டு கோடுகள். எல்லாவற்றுக்கும் கீழே, சிறிய எழுத்தில், 'சாட்சி: மு. மக்கீன், வெளிக்கள உத்தியோகத்தர்.'

கொழும்பிலிருந்து அன்று காலைத் தபாலில் வந்த அந்த ஆங்கில மனுப் புத்தகம் பாராளுமன்ற உறுப்பினர் அனைவருக்கும் முகவரியிடப்பட்டிருந்தது. உரிமம் பெற்ற கொல்களத்துக்கு வெளியே மாடு அறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டமொன்றை அது கோரிற்று. மாவடிப்பள்ளியில் கொல்களம் கிடையாது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கோ பதினாறு நாட்களே இருந்தன. குர்பான் என்னும் பலி கொடுக்கும் ஒவ்வொரு முற்றத்தையும் குற்றம் நிகழ்ந்த இடமாக்கும் சட்டத்தை, அந்த முற்றங்களுக்கு உரியவர்களே கேட்டு நிற்பதாக அந்தப் பக்கம் சொல்லியது.

அவன் வேலை பார்த்தது வாயற்ற சீவன் நலச் சங்கத்தில். கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட, வரி விலக்குப் பெற்ற தர்ம நிறுவனம் அது. அந்த 1981ஆம் ஆண்டு தொடக்கத்தில் கல்முனையில் கிளை திறந்து, வாயும் குளம்பும் புண்ணாகும் நோய்க்கு மாடுகளுக்கு இலவசமாக ஊசி போட்டு வந்தது. ஊசி போட்ட மாடுகளின் சொந்தக்காரர்களுடைய ஒப்பம் வேண்டும் என்று ஆகஸ்ட் மாதத்தில் தாள்கள் அனுப்பியிருந்தார்கள். தாள்களின் மேற்பாதி வெறுமையாக இருந்தது. தலைப்பைப் பிறகு கொழும்பில் அச்சிடுவோம் என்றார்கள். அவன் ஏன் என்று கேட்கவில்லை.

வீடு வீடாகவும் அவன் போகவில்லை. அந்தக் கரையோர ஊர்களில் ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு குடியைச் சேர்ந்தது. பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் உண்டு. கந்தூரி விருந்தானாலும் காணி வழக்கானாலும் மரைக்கார் வைக்கும் ஒப்பம் குடி முழுவதற்கும் உரியது. எண்பத்தாறு படலைகளைத் திறந்து மூடுவதற்குப் பதிலாக ஒருவரிடம் போனான். அந்த ஒருவர் அவனுடைய மாமனாராகவும் இருந்தது வசதியாகப் போயிற்று. மருதமுனையில் பிறந்த மக்கீன், ஊர் வழக்கப்படி மாவடிப்பள்ளிக்கு, மனைவி சரீபாவின் வீட்டுக்கு வாழ வந்தவன். வீடு அவள் பெயரில். அதற்கு இரண்டு வளவு தள்ளி அவள் வாப்பாவின் வீடு. அந்த இரண்டு வளவுக்குள்தான் அவனுடைய வாழ்வு முழுவதும் இருந்தது.

கதவு தட்டப்பட்டது. ஊசி போடும் கதிர்காமன் ஐஸ்பெட்டியோடு நின்றான். காரைதீவுக்காரன்.

"என்ன மச்சான், கதவச் சாத்திப்போட்டு இருக்காய்? கொழும்பில இருந்து காதல் கடுதாசி வந்திட்டோ?"

மக்கீன் பக்கத்தைக் காட்டினான். கதிர்காமன் விரலால் வரி தொட்டு மெல்ல வாசித்தான்.

"மாட்டுக்கு ஊசி போட்டது நான். கடைசியில உனக்கெல்லோ ஏத்திப்போட்டானுகள்."

"பகிடி விடாத. சட்டம் வேணுமெண்டா அவங்களே கேக்கலாம்தானே? ஏன் எங்கட ஆக்கள்ட பேரு?"

"அவங்க கேக்க ஏலாதாம். தர்மம் எண்டு பதிஞ்ச சங்கம் சட்டத்துக்கு ஆள் பிடிச்சா வரி விலக்குப் போயிருமாம். போன முறை வந்த ஜீப் றைவர் சொன்னவன். அதுதான் சனம் கேக்குது, நாங்க தபால்காரன் மட்டும் எண்டு காட்டுறானுகள். பெட்டிசம் அவனுகள்ட, கை உங்கட."

"ஆருக்கும் சொல்லிராத, கதிர்காமன்."

"நான் சொல்லமாட்டன். அச்சடிச்ச கடுதாசிட வாய ஆர் மூடுற?"

மறுநாள் சங்கத்தின் அமைப்புச் செயலாளர் குணம் ஜீப்பில் வந்து இறங்கினார். மெலிந்த உடல், மென்மையான குரல். படிக்கட்டடியில் கழுத்துப் புண்ணோடு நின்ற வண்டில் மாடொன்றைக் கண்டு, கைக்குட்டையை நனைத்துப் புண்ணைத் துடைத்துவிட்டே மேலேறினார். அவருடைய இரக்கம் உண்மையானது. அதுவே மக்கீனை மேலும் அச்சுறுத்தியது.

"ஆரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கினம், தம்பி. சங்கம் அரசியல் செய்யுதாம். வியாழக்கிழமை வரித் திணைக்களத்து அதிகாரி ஒருத்தர் வாறார். வாடிவீட்டில விசாரணை. உங்கட மாமாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இது உம்மட கையெழுத்தோ எண்டு கேப்பார். ஓம் எண்டால் காணும்."

"அவர் ஊசிக்கெண்டுதான் வச்சவர், சேர்."

"ஊசியும் மாட்டின்ரை நன்மைக்கு. சட்டமும் மாட்டின்ரை நன்மைக்கு."

"அவருக்கு ஒண்டும் வாசிச்சுக் காட்டல்ல. வாசிக்க அதில ஒண்டும் இருக்கவுமில்ல."

குணம் ஈரக் கைக்குட்டையை நான்காக மடித்தார். "அதை நீங்கள் சொல்லத் தேவையில்லை. சொன்னால், தாளைக் கொண்டு போனது ஆர் எண்டு கேப்பினம். சாட்சி ஆர் எண்டு கேப்பினம். ஏமாத்தி ஒப்பம் வாங்கினால் அது பொலிஸ் வழக்கு. சங்கத்துக்கு வக்கீல்மார் இருக்கினம். எனக்கு உங்களை நினைச்சுத்தான் கவலை."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கவலை இருந்தது.

புதன்கிழமை பகல் மக்கீன் வீட்டுக்குப் போனபோது, மாமனார் அவர்களுடைய முற்றத்தில் நின்றார். பெருநாளுக்கென வாங்கிய செவலைக் காளை மாமரத்தில் கட்டப்பட்டிருந்தது. அதன் உதட்டை விரித்துப் பல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா மருமகன்? நம்மட மீராமுகைதீன் மரைக்காரவிட இவனுக்கு நல்ல பல்லு."

"மெல்லக் கதைங்க வாப்பா," என்றாள் சரீபா குசினியிலிருந்து. "அவர் கேட்டா பெருநாளைக்கு ஒங்களையும் சேத்து அறுப்பாரு."

மரைக்கார் உரக்கச் சிரித்தார். மக்கீனும் சிரிக்க முயன்றான். சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று அறிந்தான். காளையின் கயிற்று முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"மாமா, நாளைக்கு ஒருக்கா வாடிவீட்டுக்கு வரணும். அண்டைக்கு வச்ச கையெழுத்தப் பத்திக் கேக்கப்போறாங்க."

"கேக்கட்டுமே. நான் வச்ச கையெழுத்த நானே இல்லெண்டு சொல்லுவனா?"

அவன் அஞ்சியிருந்த விடை அதுதான். உள்ளே போய்ச் சோற்றின் முன் அமர்ந்தான்.

"ஏன் பிசஞ்சிக்கிட்டே இரிக்கீங்க?" என்று கேட்டாள் சரீபா.

"வெயில்."

அவள் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

வியாழன் காலை பத்து மணிக்கு, அரசாங்க விடுதியான வாடிவீட்டின் விறாந்தையில் விசாரணை தொடங்கியது. அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் தம்பையா தமிழில் சொன்னார். குணம் சற்றுத் தள்ளி, கைகளை மடியில் வைத்து அமர்ந்திருந்தார். மக்கீன் தூணோடு நின்றான்.

"இது உங்கட கையெழுத்தா?"

"ஓம்."

"இந்தக் குறி?"

"எங்கட குடிக் குறி."

"எண்பத்தாறு குடும்பத்துக்கும் நீங்கள்தான் ஒப்பம் வைக்கலாமா?"

"அதுதான் எங்கட வழமை."

அதிகாரி முதற்பக்கத்தைத் திருப்பினார். கோரிக்கையைத் தம்பையா வரி வரியாக மொழிபெயர்த்தார். கொல்களத்துக்கு வெளியே மாடறுத்தால் தண்டம். மீண்டும் அறுத்தால் சிறை. மரைக்காரின் முகத்தில் முதலில் குழப்பம் வந்தது, பிறகு கோபம். வாய் திறந்தார்.

"அதுக்கு முன்னம் இதையும் அதிகாரி சொல்லச் சொல்கிறார்," என்றார் தம்பையா. "தாளில் சாட்சி ஒருவர் இருக்கிறார். ஏமாற்றி வாங்கியிருந்தால் முதலில் அவரைப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டி வரும்."

மரைக்கார் திரும்பித் தூணைப் பார்த்தார். மக்கீன் கண்களைத் தாழ்த்தினான். சொல், இப்போதே சொல் என்று அவன் தனக்குத்தானே ஆணையிட்டான். தூணை விட்டு நகரவில்லை.

"விளங்கித்தான் வச்சன்," என்றார் மரைக்கார்.

தம்பையா அதை மொழிபெயர்த்தார். அதிகாரி எழுதினார். குணம் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். இறங்கியபின், இருபுறமும் வயல்வட்டை நீண்டு கிடந்த தெருவில், மரைக்கார் குடையை விரிக்காமலே வெயிலில் நடந்தார்.

"ஒண்டு மட்டும் சொல்லுங்க, மருமகன். நான் கையெழுத்து வைக்கக்குள்ள அந்தத் தாள்ல எழுத்து இருந்திச்சா?"

"இல்ல மாமா. மேல்பாதி வெறுந்தாள்."

"வெறுந்தாள்ல வச்ச நானும் மடயன்தான்." சில அடிகள் நடந்தார். "சரீபாட முகத்த நெனச்சி பொய் சொல்லிட்டன். அதுக்காக எண்பத்தாறு வீட்டையும் குடுக்க எனக்கு உரிமையில்ல. நாளைக்கு ஜும்ஆவுக்குப் பொறகு நீங்க எழும்பிச் சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன். நான் சொன்னா ஒங்களுக்குத்தான் கூடாது."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, எழ முயன்றவர்களை மரைக்கார் கையசைத்து இருத்தினார். மக்கீன் மகஜரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கடைசி வரியிலிருந்து தொடங்கினான். அங்கேதான் அவனுடைய பெயர் இருந்தது. பிறகு முழுவதையும் சொன்னான். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"அப்ப நேத்து மரைக்கார் ஓம் எண்டாராமே? றைவர்மாரெல்லாம் கதைக்கிறாங்க," என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"ஓம் எண்டன்," என்றார் கச்சிமுகம்மது மரைக்கார். "மகள்ட மாப்பிள்ளையப் பொலிசுக்குக் குடுக்க மனசு வரல்ல. அந்தக் கையெழுத்துக்கு இனி மதிப்பில்ல. என்னை நம்பாதீங்க."

மற்றொரு குடியின் மரைக்காரான மீராமுகைதீன் தொண்டையைச் செருமினார்.

"அப்ப அந்த அதிகாரிக்கும் பாராளுமன்றத்துக்கும் மறுப்புக் கடுதாசி போடணும். அதில ஒரு கையெழுத்துக் காணா. எண்பத்தாறும் வேணும். தாளத் தூக்கிக்கொண்டு வீடு வீடாப் போறது ஆரெண்டு நான் சொல்லத் தேவையில்லதானே?"

கடிதம் அங்கேயே, எல்லோரும் கேட்க, எழுதப்பட்டது. இந்தச் சட்டத்தை நாங்கள் கேட்கவில்லை, ஊசிக்கென்று சொல்லி, வெறுந்தாளில் ஒப்பம் பெறப்பட்டது, பெற்றவர் மு. மக்கீன். அந்தப் பெயரை அவனே தன் கையால் எழுதினான்.

முதல் வீடு அவனுடையதாக இருந்தது. சரீபா படலையிலேயே நின்றாள். செய்தி அவனுக்கு முன்பே வந்திருந்தது. அவள் தாளை வாங்கி, மாமரத்தடியில் நின்று, முதலிலிருந்து முடிவு வரை வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். காளை அவளுடைய முந்தானையை முகர்ந்தது. அவள் அதை ஒதுக்கவில்லை.

"இத அனுப்பினா ஒங்களப் புடிச்சிக்கிட்டுப் போவாங்களா?"

"தெரியா."

"எப்ப அனுப்புற?"

"எண்பத்தாறும் முடிஞ்ச ஒடன."

அவள் பேனையைக் கேட்டாள். அவன் கொடுத்தான். கடிதத்தின் கடைசி வரிக்கும் ஒப்பமிட வேண்டிய இடத்துக்கும் நடுவே நான்கு விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருந்தது. அவள் அந்த வெற்றிடத்துக்குக் குறுக்கே, மூலைக்கு மூலை, ஒரு கோடு இழுத்தாள். அதன் பின்னரே தன் பெயரை எழுதினாள்.

அவன் தாளை வாங்கிக்கொண்டு அடுத்த படலைக்கு நடந்தான். உள்ளே பேச்சுக் குரல்கள் கேட்டன. அவன் படலையைத் தட்டியதும் அவை நின்றன.