பத்துக்கா, நாற்பதுக்கா?

தையல்காரிக்கும் அவள் கணவன் பிளம்பருக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு ஏர் ரைஃபிள். கிளப்பின் ஜோடிப் போட்டியில் அவள் பத்து மீட்டரில் காகிதத்தைச் சுட வேண்டும், அவன் நாற்பது மீட்டரில் தகரத்தைச் சாய்க்க வேண்டும். ஸ்கோப்பின் குறியை எந்தத் தூரத்துக்குச் சரிசெய்து வைப்பது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

அவள் சமையலறை வாசலில் நின்று, குளியலறைக் கதவுப் பக்கம் சுட்டுப் பத்துக்கு வைப்பாள். அவன் மைதானத்துக்குக் கொண்டுபோய் நாற்பதுக்கு வைப்பான். துப்பாக்கி கைக்கு வந்ததும் இருவருக்கும் முதல் வேலை, மற்றவர் கெடுத்து வைத்திருப்பார் என்ற அசைக்க முடியாத நம்பிக்கையில் ஸ்கோப்பின் திருகை நாலு திருகு திருகுவது. பிறகு அரை டப்பா குண்டைக் கரியாக்கி மறுபடி சரிக்குக் கொண்டுவருவது. போட்டியிலும் அப்படித்தான். அவள் சுட்டு முடித்ததும் அவன் வாங்கி, குத்துமதிப்பாக ஒரு திருகு திருகுவான். இரண்டு வருடமாகக் கடைசி இடம் அவர்களை விட்டு வேறெங்கும் போகவில்லை.

"இந்தத் தடவையும் மண்ணைக் கவ்வினா, இதைக் கேட்டுக்கிட்டே இருக்கானே என் தம்பி, அவன்கிட்டயே கொடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டான் அவன்.

நாளெல்லாம் அடுத்தவர் அளவுக்கு வெட்டித் தைப்பவளுக்கு, தனக்கென்று மூச்சைப் பிடித்து நிற்க இருந்தது அந்த ஒன்றுதான்.

போட்டியன்று கொழுந்தன் காலியான துப்பாக்கிப் பையோடு வந்து நின்றான். ஆசையைப் பாருங்கள்! போதாக்குறைக்கு நடுவர் புதுச் சட்டம் வேறு போட்டார்: போட்டி தொடங்கிவிட்டால் யாரும் திருகைத் தொடக் கூடாது.

"அப்போ நாற்பதுக்கே வெச்சுடலாம்" என்றான் கணவன்.

"முதல்ல சுடறது நான். பத்துதான்."

"என்னமோ பண்ணு."

பத்துக்கு வைத்தாள். காகிதத்தின் நடுவட்டத்தைக் கிழித்தெடுத்தாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு துப்பாக்கியை வாங்கினான்.

"தகரத்து நடுவுலயே குறி வெச்சுச் சுடறேன். எங்க போகுதோ போகட்டும், அப்புறம் என்னைக் கேட்காதே."

தகரம் சாய்ந்தது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை. மீதித் தகரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மல்லாந்தன. மூன்றாம் இடம்!

பிளம்பர் பெஞ்சில் உட்கார்ந்து, கையைக் காற்றில் வளைத்து வளைத்துப் பார்த்தான். "குண்டு நேரா போகலை. ஹோஸ்ல தண்ணி பீய்ச்சினா ஏறி இறங்குமே, அப்படிப் போகுது. ஏறும்போது பத்துல குறியைத் தொடுது, இறங்கும்போது நாற்பதுல தொடுது. நம்ம துப்பாக்கிக்கு ரெண்டுக்கும் ஒரே குறிதான்!"

"அப்போ இத்தனை நாள் சண்டை?"

அவன் காது மடல் சிவந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணில் நீர் முட்டியது. அந்த நேரத்தில் அவனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"நான் கெடுத்திருப்பேன்னு நீங்க, நீங்க கெடுத்திருப்பீங்கன்னு நான். திருகறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்த்திருக்கலாம்ல?"

அவன் துப்பாக்கியை அவளிடமே நீட்டினான். கொழுந்தன் அருகே வந்து பையை நீட்டினான்.

"அண்ணி, இதையும் நீங்களே வெச்சுக்கோங்க. எங்க வீட்ல சும்மாதான் கிடக்கும்."

அவள் துப்பாக்கியைப் பைக்குள் வைத்தாள். பழக்க தோஷத்தில் கணவனின் கை திருகை நோக்கி நீண்டது. அவள் ஜிப்பை இழுத்து மூடினாள்.