மூணு மாச சர்க்கரை

ஆம்புலன்ஸ் நிற்க வேண்டிய இடத்தில் தான் ஓட்டும் பள்ளிக்கூட வேனைக் குறுக்கே நிறுத்திவிட்டு அவள் குதித்து இறங்கினாள். சுற்றிவந்து மறுபக்கக் கதவைத் திறந்து, கொழுந்தனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஏம்மா, இதென்ன பள்ளிக்கூடமா? வண்டிய எடும்மா!" செக்யூரிட்டி ஓடி வந்தார்.

"சாவி வண்டியிலயே இருக்குண்ணே. அவசரம்னா நீங்களே தள்ளி நிறுத்துங்க!"

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதும்மா!"

அவள் அதற்குள் படியேறிவிட்டாள்.

"அண்ணி, கைய விடுங்க. எல்லாரும் பாக்கறாங்க" என்றான் கொழுந்தன்.

"பாக்கட்டும். தூக்கிட்டுப் போகாம நடத்திக் கூட்டிட்டுப் போறேனேன்னு சந்தோஷப்படு."

அவளுடைய இன்னொரு கையில் ஒரு கவர். வெளி லேபில் அவனுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையின் ரிசல்ட். அதைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கணவனின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். ஒன்றைக் கொடுக்க முதலில் அவள்தான் முன்வந்தாள்; ரத்தக் கொதிப்பு இருக்கிறதென்று அவளை எடுத்த எடுப்பிலேயே கழித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது கணவனுடைய தம்பி ஒருவன்தான். டயர் கடை வைத்திருப்பவன். லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாகப் புரட்டுகிறவன். ரத்த வகை பொருந்தியது, திசுவும் பொருந்தியது. அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் விழுந்தது இடி. "டோனர் சரிப்பட மாட்டார்" என்று ஆஸ்பத்திரி ஒரே வரியில் முடித்துக்கொண்டது. ஏன் என்பதைக் கொழுந்தன்தான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மூணு மாச சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாம், ரத்தத்தில் கொழுப்பும் தூக்கலாம். இப்போதைக்கு நோய் இல்லை, பின்னால் சர்க்கரை நோய் வரக்கூடிய உடம்பு. ஒற்றைச் சிறுநீரகத்தோடு விட்டால் நாளைக்கு அவனும் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் வந்து படுக்க வேண்டியதுதானாம்.

வேறொருத்தியாக இருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பாள். இவள் நாலு பேரிடம் விசாரித்தாள். முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்றக்கூடிய சோதனை இல்லை அது. சிவப்பணுவில் மூணு மாசமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரையை அளப்பது. பழைய அணு போய்ப் புது அணு வர வர, அளவும் இறங்கும். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து தினமும் விடிவதற்குள் கொழுந்தன் வீட்டுக் கதவைத் தட்டி அவனை நடக்க இழுத்துப் போனாள். மதியம் டயர் கடைக்கே சாப்பாட்டைத் தூக்கிப் போனாள். சோறு கால்வாசி, காய்கறி முக்கால்வாசி. அவன் கடைசி வாயை விழுங்கும்வரை எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "முதலாளிக்கு வார்டன் வந்தாச்சு" என்று வேலையாட்கள் சிரித்தார்கள். பக்கத்து டீக்கடைக்காரரிடம், "இவனுக்குச் சர்க்கரை போட்டீங்க, வேனைக் கடைக்குள்ளயே விட்டுருவேன்" என்று சொல்லிவைத்தாள்.

கொழுந்தன் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து போவான். தங்கமான பிள்ளை என்று கணவனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

உறுப்பு தானத்தைக் கவனிக்கும் மேடத்தின் அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தாள்.

"பாருங்க மேடம். அஞ்சு புள்ளி ரெண்டு! கொழுப்பும் இறங்கிடுச்சு. எப்ப ஆபரேஷன்?"

மேடம் காகிதத்தைப் பார்த்தார். பிறகு கொழுந்தனைப் பார்த்தார்.

"நல்ல ரிசல்ட்தாம்மா. ஆனா ஆபரேஷன் முடியாது."

"சர்க்கரைதானே தடை? அதான் போயிடுச்சே!"

"டோனர் விஷயத்த டோனர்கிட்ட மட்டுந்தாம்மா பேசுவோம்."

"அப்ப அன்னிக்கு யாரு ரத்தத்தையோ மாத்திப் பாத்திருக்கீங்க. இப்ப எடுங்க, என் கண்ணு முன்னாடி எடுங்க. டேய், கைய நீட்டுடா!" அவளே அவனுடைய சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள்.

அவன் மெதுவாக அதைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டான்.

"வேணாம் அண்ணி. என் ரத்தத்துல அன்னிக்கும் ஒண்ணும் இல்ல."

மேடம் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இங்க எல்லாரையும் தனியா உக்கார வச்சு ஒரு தடவ கேப்பாங்களாம். மனசாரத்தான் குடுக்கறியா, யாராவது நெருக்குறாங்களான்னு." அவன் சட்டைக் கைப் பித்தானைப் போட்டுக்கொண்டான். "பயமா இருக்கு, முடியாதுன்னு சொல்லிட்டேன். வீட்ல காரணம் சொல்ல மாட்டோம், சரிப்படலன்னு மட்டும் சொல்லிடறோம்னாங்க."

"மூணு மாசமா எம் முன்னாடி உக்காந்து தின்னியேடா!"

"நீங்க அவ்வளவு ஆசையாக் கொண்டாந்தீங்க..."

"ஆசையா? உங்கண்ணன் உசுருடா அது! டயர உருட்டுற மாதிரி என்னைத் தெருத் தெருவா உருட்டிட்டியே, பாவி."

அவன் அழுதான். அவளுக்கு அவனை அறையக்கூடத் தோன்றவில்லை.

டயாலிசிஸ் வார்டில் கணவன் சாய்ந்து படுத்திருந்தான். குழாய் வழியே அவன் ரத்தம் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் மூச்சிரைக்கக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க தம்பி என்ன பண்ணியிருக்கான் தெரியுமா?"

"மெதுவாப் பேசு. பக்கத்துல தூங்கறாங்க."

"சர்க்கரையும் இல்ல, மண்ணும் இல்ல. ஏங்க, குடுக்க மாட்டேன்னு அவனேதான் சொல்லியிருக்கான்! நாக்கூசாம நம்மகிட்டப் பொய் சொல்லியிருக்கான்!"

கணவன் திடுக்கிடவில்லை. குழாய் குத்தியிருந்த கையை அசைக்காமல், கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

"அன்னிக்கே எங்கிட்ட வந்து அழுதுட்டான். அவனா மாட்டேன்னான்னு தெரிஞ்சா நீ அவன உயிரோட விடமாட்டியே."

"அதனால?"

"சர்க்கரைன்னு சொல்லுடா, அண்ணி நம்பிடுவாங்கன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."