முன்பல்லில் ஒரு கோடு

யார் எழுதியது என்று கண்டுபிடிக்க வினோதனுக்கு இரண்டு வரி போதுமாக இருந்தது. ஆய்வுச் சுருக்கத்தின் மேலே பெயர் இருக்க வேண்டிய இடத்தை அலுவலகத்தார் வெட்டிவிட்டு ஓர் எண்ணைப் போட்டிருந்தார்கள். எழுதியவர் யார் என்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியக்கூடாது, மதிப்பிட்டவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியக்கூடாது. பல்கலைக்கழகத்தின் வருடாந்த ஆய்வரங்கில் அதுதான் முறை. ஆனால் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளின் மேல் முன்பற்களைப் பற்றி இந்தக் கண்டியில் வேறு யார் எழுதப் போகிறார்கள்? எழுதியவள் குசினியில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அறைக்குள் கேட்டது. வினோதன் பெருவிரல் நகத்தால் தன் முன்பல்லைச் சுரண்டினான். யோசனை வந்தால் பல்லைச் சுரண்டுவது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஈறுக்குக் கிட்ட ஓரிடத்தில் நகம் சற்றுத் தடுக்கும். தடுக்கிற இடத்தில் ஏனோ ஓர் ஆறுதல்.

ஆய்வரங்கு என்பது கம்பளைச் சந்தை மாதிரி. கருவாடும் காய்கறியும் கவரிங் நகையும் ஒரே கூரையின் கீழ் கிடப்பதுபோல, பல்லும் மிளகு நோயும் மகாவலி மீனும் மறுமை பற்றிய விசாரமும் ஒரே மண்டபத்தில் வந்து குவியும். எதை யாருக்கு அனுப்புவது என்று பிரிக்கும் வேலை இஸ்லாமிய இறையியல் படிப்பிக்கும் ஸெய்னுலாப்தீனின் தலையில் விழுந்திருந்தது. அவருடைய சொந்த ஆய்வு நிய்யத்தைப் பற்றியது. ஒருவன் ஒரு காரியத்தை என்ன எண்ணத்தோடு செய்கிறான் என்பதைக் கொண்டுதான் அந்தக் காரியத்துக்கு மதிப்பு என்று முந்தைய அறிஞர்கள் எழுதியவற்றை எல்லாம் வருடக்கணக்காகத் தேடிப் படிக்கிற மனிதர். காலையில்தான் தொலைபேசியில் சொன்னார்.

“வினோதன், ஒங்களுக்கு மூணு அனுப்பிரிக்கேன். அதுல ஒண்டு பல்லு. பல்லுக்கும் வெளிநாடு போறதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு எனக்கு வெளங்கல்ல. பேரு எனக்கும் தெரியாது, ஒப்பீஸ்ல வெட்டிட்டுத்தான் தாறாங்க. இடம்பெயர்வு ஒங்கட லைன்தானே, பாத்துச் சொல்லுங்க. நீங்க வேணாம் எண்டா வேணாம். அத எழுதினவங்க மறுப்பு அனுப்பினாலும் ஒங்களுக்கிட்டதான் திரும்பி வரும்.”

இது என் மனைவியின் ஆய்வு, வேறு யாருக்காவது அனுப்புங்கள். இப்படி ஒரு வரி எழுதினால் போதும். எழுதத்தான் தொடங்கினான். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுச் சுருக்கத்தை இன்னொரு முறை படித்தான். அது நன்றாக இருந்தது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

அவன் இடம்பெயர்வை ஆராயப் புகுந்து எத்தனையோ வருடமாகிறது. தோட்டத்துத் தாய்மார் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போவதும் பின்னால் பிள்ளைகள் வளர்வதும்தான் அவனுடைய விஷயம். தெல்தோட்டையில் தொடங்கி ஹுன்னஸ்கிரிய வரைக்கும் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் அவன் ஏறாதது இல்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் சனம் மரியாதையாகப் பதில் சொன்னது. எல்லா வீட்டிலும் ஒரே பதில்: நல்லாத்தான் இருக்கோம் சார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவன் எழுதியவற்றை வெளியிடவும் ஆளில்லை, படிக்கவும் ஆளில்லை. இந்தத் தவணைக்குள் ஒன்றாவது ஏற்கப்படாவிட்டால் விரிவுரையாளர் பதவியை நிரந்தரமாக்கமாட்டார்கள். முப்பத்தெட்டு வயதில் வேறு எங்கே போய் எந்தக் கதவைத் தட்டுவது? அவன் மனைவி பிரியாந்தினியோ பல் வைத்தியர். பல்லைப் பார்த்தாள், படம் எடுத்தாள், எழுதினாள், வெளிவந்தது. வெற்றிலை போடும் வாய்களைப் பற்றி அவள் எழுதிய முதல் கட்டுரையை நோர்வேயில் யாரோ மேற்கோள் காட்டினார்கள் என்று அறிந்த நாளில், வினோதன்தான் கண்டி நகருக்குப் போய்க் கேக் வாங்கிவந்தான். வெட்டிய கேக்கில் ஒரு துண்டும் அவனுக்கு இறங்கவில்லை. பொறாமை என்று அவன் அதற்குப் பெயர் வைக்கவில்லை. படித்தவன் அல்லவா, ‘முறையியல் ஐயம்’ என்று வைத்தான்.

போன வருடம் மாசி மாதம் ஹுன்னஸ்கிரியவில் நடந்ததை மட்டும் அவனால் மறக்க முடியவில்லை. காரோட்டிப் போனவன் அவன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில், ஒரு மேசையைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு அவள் பிள்ளைகளின் வாயைப் பார்த்தாள். அவன் டோர்ச் பிடித்தான். காளிமுத்து தன் மகள் சந்திரிகாவைக் கூட்டிவந்திருந்தார். அந்த வீட்டுக்கு வினோதன் பலமுறை போயிருக்கிறான். தாய் வெளிநாடு போனபோது பிள்ளை எப்படி இருந்தது என்று கேட்டதற்குக் காளிமுத்து சிரித்துக்கொண்டே, “புள்ள அழுவக்கூட இல்லீங்க சார். சித்திகிட்ட நல்லாத்தான் இருந்துச்சு” என்று சொல்லியிருக்கிறார். அதை அப்படியே எழுதிக்கொண்டு போய், தோட்டத்துக் கூட்டுக்குடும்பம் பிரிவைத் தாங்கிக்கொள்கிறது என்று ஒரு முழு அத்தியாயமே அவன் கட்டியிருந்தான்.

பிரியாந்தினி சந்திரிகாவின் மேலுதட்டை விரலால் தூக்கினாள். முன்பற்களின் குறுக்கே, ஈறுக்குச் சற்றுக் கீழே, மெல்லிய பள்ளமாக ஒரு கோடு ஓடியது. பால்பல் விழுந்தபின் வருகிற பல், முளைப்பதற்கு வருடங்களுக்கு முன்பே எலும்புக்குள் இருந்தபடி வளர்கிறது. பிள்ளைக்குப் பெரிய காய்ச்சலோ பட்டினியோ வந்தால் அந்த நாளில் பல்லின் வளர்ச்சி தடைப்பட்டுக் கோடு விழுந்துவிடுகிறது. கோடு இருக்கிற இடத்தைப் பார்த்து வயதைச் சொல்லலாம். இதெல்லாம் அவள் எத்தனையோ தடவை வீட்டில் சொல்லி, அவன் காதில் வாங்காமல் விட்டதுதான்.

“இவவுக்கு ரெண்டரை, மூண்டு வயசில பெரிய வருத்தம், காய்ச்சல் ஏதும் வந்ததே?” என்று அவள் கேட்டாள்.

காளிமுத்து மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்பதாங்க டாக்டரம்மா அதோட அம்மா குவைத்துக்குப் போச்சு. புள்ள வாசப்படியிலயே ஒக்காந்திருக்கும். பால் குடுத்தா கக்கிரும், சோறு குடுத்தா கக்கிரும். தூக்கிக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுனோம்.” பிறகு வினோதனைப் பார்த்து, குற்றம் செய்தவர்போலச் சொன்னார். “சார்கிட்ட அப்ப சொல்லலீங்க. நீங்க எழுதிக்கிட்டு இருந்தீங்க.”

திரும்பி வரும்போது தெல்தெனியவைக் கடக்கும்வரை அவள் கதைத்துக்கொண்டே வந்தாள். கோடு விழுந்த வயதும் தாய் போன வயதும் எத்தனை பிள்ளைகளில் பொருந்துகின்றன என்று பார்க்கவேண்டும், அதற்கு அவனுடைய உதவி வேண்டும் என்றாள். அவன் ம், ம் என்று வண்டியை ஓட்டினான். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத பிள்ளையின் பல், அவன் வருடக்கணக்காகக் கேட்ட கேள்விக்கு ஒரு நொடியில் பதில் சொல்லிவிட்டது. அதுவும் அவளிடம். ஆசுபத்திரியில் ஆயிரம் வாய் இருக்க, அவளுக்கு அவனுடைய தோட்டத்துக்குள்தானா வந்து நிற்கவேண்டும்? அவனுடைய சனம், அவனுடைய கேள்வி, அவனுடைய கண்டுபிடிப்பு, எல்லாவற்றையும் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அள்ளிப் போய்விட்டாள் என்று அவன் நெஞ்சு எரிந்தது.

அந்த எரிச்சல்தான் இப்போது மதிப்பீடு எழுதியது. அவன் பாதியில் விட்ட வரியை அழித்தான். இடம்பெயர்வு ஆய்வின் அரிச்சுவடியும் தெரியாத ஒருவர் அளவுக்கு மிஞ்சிய முடிவுக்குத் தாவியிருக்கிறார் என்று எழுதினான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வறுமையாலும் சத்துக் குறைவாலும் இந்தக் கோடு வரக்கூடும். தாயின் பிரிவால்தான் வந்தது என்பதற்குச் சாட்சி என்ன? சாப்பாட்டுக்குக் குறைவில்லாத வீட்டில் பிறந்து, பிரிவை மட்டுமே அனுபவித்த ஒருவரின் பல்லையாவது ஆய்வாளர் காட்டியிருக்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்வி அவனுக்கே பிடித்துப் போயிற்று. தீர்ப்பு என்ற இடத்தில் ‘தள்ளுக’ என்று அடித்து அனுப்பினான். அன்று மத்தியானம் நல்ல பசி. அவள் வைத்த மீன்குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மதிப்பீடு அவளுக்கு வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை காலையில். வெளியே மழை விட்டிருந்தது. அவன் சன்னலருகே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். அவள் தொலைபேசியோடு குசினி வாசலில் வந்து நின்றாள்.

“தள்ளிவிட்டாங்களப்பா.”

“என்னவாம்?” என்று அவன் கேட்டான். அந்தக் கேள்வி இவ்வளவு இயல்பாக வாயிலிருந்து வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

அவள் வாசித்தாள். தன் வசனங்களைத் தன் மனைவியின் குரலில் கேட்டுக்கொண்டு அவன் கோப்பைக்குள் பார்த்தபடி இருந்தான். அரிச்சுவடி என்ற இடம் வந்தபோது அவள் கோபிப்பாள், அழுவாள் என்று காத்திருந்தான். அவள் இலேசாகச் சிரித்தாள்.

“சரிதானே. இடம்பெயர்வைப் பற்றி எனக்கென்ன தெரியும்? அதுக்குத்தானே உங்கட பேரை முதல் போட்டனான்.”

“என்ர பேரையோ?”

“ஓம். முதல் நீங்கள், ரெண்டாவது நான். ஏற்கிறாங்கள் எண்டு தெரிஞ்ச பிறகு சொல்லுவம் எண்டிருந்தன். இந்தத் தவணைக்குள்ள உங்களுக்கு ஒண்டு வரவேணுமெல்லே.”

அவன் தேத்தண்ணிக் கோப்பையைச் சன்னல் விளிம்பில் வைத்தான். ஒருவரைக் கேட்காமல் அவர் பெயரைப் போடுவது முறையில்லை. ஆனால் முறையைப் பற்றிக் கதைக்க அன்றைக்கு அவனுக்கு வாய் இருக்கவில்லை. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போடுகிறவர்களைப் பற்றி அவன் கேள்விப்பட்டிருக்கிறான். அள்ளிப் போட்டுவிட்டு மீன்குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டவனைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை.

“நான் ஒரு எழுத்தும் எழுதேல்லையே, பிரியா.”

“எந்த வீட்டில தாய் போயிருக்கிறா, எப்ப போனவ எண்டு நீர் அலைஞ்சு தேடி வைக்காட்டி நான் எந்த லயத்தில போய் நிக்கிறது?” கோபமோ செல்லமோ வந்தால் அவள் ‘நீர்’ என்பாள். “அதோட, முதல் கோடு நான் பாத்தது உம்மட வாயிலயெல்லே.”

அவன் நிமிர்ந்தான்.

“கலியாணத்துக்கு முன்னம், கடவாய்ப்பல் கொதிக்குது எண்டு என்னட்ட வந்தீரே, அண்டைக்கு. முன்பல்லில கோடு. சின்னனில பெரிய வருத்தம் வந்ததோ எண்டு கேக்க, இல்லை எண்டு சொன்னீர். பிறகு மாமியிட்டக் கேட்டன். தொண்ணூறில சண்டைக்குள்ள உம்மட ஊர்த் தீவை விட்டு ஓடி வரேக்க, உம்மை மூண்டு வயசில சித்தப்பாவோட தோணியில ஏத்தி விட்டிட்டு மாமி அங்கால அம்பிட்டுப் போனாவாம். மாரி முடிஞ்சுதான் வந்து சேந்தவ. அது மட்டும் பிள்ளை ஒண்டும் தின்னேல்லை, கதைக்கவும் இல்லையாம். அண்டையில இருந்துதான் எனக்கு இந்த யோசினை.”

அம்மா அவனிடம் இதைச் சொன்னதே இல்லை. அவனும் கேட்டதில்லை. ஊர் ஊராகப் போய் ஊரார் பிள்ளைகளின் பிரிவைக் கேட்டு எழுதியவன், தன் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பெருவிரல் தானாக வாய்க்குப் போயிற்று. நகம் தடுக்கிற இடத்தில் தடுத்தது. இந்தத் தடவை ஆறுதலாக இல்லை.

“ஆனா இவன் கடைசியில நல்ல கேள்வி ஒண்டு கேட்டிருக்கிறான்,” என்று அவள் தொலைபேசியை மறுபடி பார்த்தாள். “சாப்பாட்டுக்குக் குறைவில்லாத வீட்டில பிறந்த ஒராளைக் காட்டட்டாம். நியாயமான மனுசன். பாலும் முட்டையுமா வளந்த பிள்ளை எண்டு மாமி இப்பவும் சொல்லுறவ. உங்கட பல்லைவிட வேற சாட்சி என்னத்துக்கு? திங்கக்கிழமைக்கு முன்னம் மறுமொழி அனுப்பவேணும். எழுத்தை நீங்கள் எழுதுங்கோ, படத்தை நான் எடுக்கிறன்.”

நியாயமான மனுசன் என்ற சொல் அவனுக்குச் செருப்படியைவிட மோசமாக விழுந்தது. மறுமொழியை அவன் எழுதவேண்டும். அது ஸெய்னுலாப்தீன் வழியாகத் திரும்பவும் அவனிடமே வரும். ஏற்றுக்கொள்ளலாம் என்று அவனே அடிக்கலாம். ஒருவருக்கும் தெரியப் போவதில்லை, பதவியும் நிரந்தரமாகிவிடும், அவளும் சந்தோஷப்படுவாள். அவ்வளவு இலேசாக அது முடிந்துவிடும் என்று நினைக்கத்தான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. சொல்லிவிடவேண்டும். அவள் அறைக்குள் போய்ப் பையைத் திறக்கிற சத்தம் கேட்கக் கேட்க அவன் வார்த்தைகளை அடுக்கினான். நான்தான் அது. அந்த நியாயமான மனுசன் நான்தான். அதற்குப் பிறகு அவள் முகம் எப்படி இருக்கும் என்பதற்கு மேல் அவனால் யோசிக்க முடியவில்லை.

அவள் கையுறையும் சின்ன வட்டக் கண்ணாடியுமாகத் திரும்பி வந்து, அவன் கதிரையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

“பிரியா, உமக்கு ஒண்டு சொல்லவேணும்.”

“பிறகு சொல்லுங்கோ. வெயில் போகப்போகுது. ஆ எண்டுங்கோ.”

மேலுதட்டை அவள் விரல் தூக்கியது. மருந்து மணக்கிற அந்த விரலுக்கு மேலால் அவள் முகம் மிகக் கிட்ட இருந்தது, ஹுன்னஸ்கிரியவில் அந்தப் பிள்ளையின் வாயைப் பார்த்தபோது இருந்த அதே முகம். அவன் நாக்கைப் புரட்டிப் பார்த்தான். தொண்டைக்குள்ளிருந்து ஏதோ ஒரு சத்தம் மட்டும் வந்தது.

“கதைக்காதேங்கோ, படம் ஆடும்.”

அவள் தொலைபேசியால் படம் எடுத்தாள். பிறகு, நீங்களும் ஒருக்காப் பாருங்கோ என்று வட்டக் கண்ணாடியை அவன் வாய்க்கு நேரே பிடித்தாள். அதற்குள் அவனுடைய முகம் இல்லை. ஈறும், அதனடியில் ஒரு பல்லும், பல்லின் குறுக்கே அந்தக் கோடும் மட்டுமே இருந்தன. அவன் மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெளிறியது. அவள் அதைத் தன் சட்டை நுனியில் துடைத்துவிட்டு மறுபடியும் அதே இடத்தில் பிடித்தாள்.