ஒரு கோப்பை பேரியம்

சீனாவின் வாண ஊரான லியூயாங்கில் மினுக்கு வாணத்துக்குக் கலவை போடும் என் அத்தான் ஷெங்ஃபாவுக்கு மாதக்கணக்கில் வயிற்று வலி. புண்ணா, புற்றா என்று தெரியாமல் அக்கா மெய்ஜுவான் தூக்கத்தையே மறந்துவிட்டாள். ஒருவழியாக அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தோம். எக்ஸ்ரேயில் வயிறு தெரிவதற்காக டாக்டரம்மா பேரியம் சல்பேட் என்று சொல்லி ஒரு வெள்ளைக் குழம்பை நீட்டினார்.

"பேரியம் சல்பேட்டா? இதத்தான் நான் வாணத்துல போடுறேன்!" என்று அலறினார் அத்தான்.

"இருக்கட்டும், குடிங்க. முதல்ல இந்தப் பொடி. வயித்துல காத்து கெளம்பும், ஏப்பம் விடக் கூடாது."

"உள்ள காத்து, உள்ள மருந்து, வாயையும் மூடணும். திரி வைக்கிறதுதான் பாக்கி. எங்க பட்டறையில இதுக்குப் பேரு வெடி."

அவர் பயத்திலும் பாதி நியாயம் உண்டு. நெருப்புக்குப் பிராணவாயு வேண்டும். சாதாரண வெடிமருந்தில் இருக்கும் நைட்ரேட் அதைக் கேட்டதும் கொடுத்துவிடும். சல்பேட் மகா கஞ்சன். பக்கத்தில் மெக்னீசியப் பொடி கண் கூச எரிந்தால்தான் பிடியைத் தளர்த்தும். கலவை கனன்று கனன்று சூடேறும், பளிச்சென்று ஒரு முறை எரியும், மறுபடி அடங்கும். வாணம் வானத்தில் கண் சிமிட்டுவது இப்படித்தான்.

அத்தானின் பட்டறையிலேயே வேலை பார்க்கும் அக்காவுக்கும் இது தெரியும். "உங்க வயித்துல மெக்னீசியமா எரியுது?"

"மொளகா எரியுதே!"

"மொளகாய்க்கெல்லாம் மசியுமா சல்பேட்டு? கஞ்சன் எப்பக் கையத் தொறப்பான்னு எனக்கா தெரியாது? உங்களக் கட்டிக்கிட்டவ நான்."

அத்தான் பணிந்தார். பட்டறையில் மருந்தைத் தொடுமுன் செய்வதுபோல, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க இரும்புக் கம்பியைத் தொட்டார். பொடியை விழுங்கினார். ஒரு வாய் குடித்தார், கோப்பையைத் தூர ஜன்னலில் கொண்டுபோய் வைத்தார், திரும்பி வந்து நின்றார். பிறகு இன்னொரு வாய்.

"என்ன பண்றீங்க?" என்றார் டாக்டரம்மா.

"கொஞ்சங் கொஞ்சமா எடு, அப்பப்ப அப்புறப்படுத்து. வெடிமருந்தக் கையாள்ற சட்டம்மா இது. எங்க பட்டறைச் சுவத்துலயே எழுதியிருக்கு."

கடைசி வாய் இறங்குவதற்குள் முதல் வாய் குடலுக்குப் போய்விட்டது. ஏப்பமும் வந்துவிட்டது. படத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

இரண்டாவது கோப்பையை அக்காவே அவர் வாயில் வைத்துச் சாய்த்தாள்.

"புண்தான். மாத்திரையில ஆறிடும்," என்றார் டாக்டரம்மா. "மொளகா மட்டும் கூடாது."

அக்கா நடைபாதைத் தரையிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

"மொளகா போனதுக்கு நாந்தானே அழணும்? இவ ஏன்டா அழுறா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே அத்தானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.