முதல் அசையில் ஓங்கி ஓர் அடி

1

மனித குலத்தின் விதி, ஒரு சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

(எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மனித குலம் அதுபாட்டுக்கு இருக்கிறது.)

நடந்தது இதுதான். பெருநாவல் எழுத ஜவ்வாது மலையில் அறை எடுத்தேன். நாவல் வரவில்லை. பக்கத்துச் சாமைக் கொல்லையிலிருந்து "ப்ளூட்ட்ருக்மேடஅஅர்!" என்று ஒரு கூவல் வந்தது. டச்சு மொழியில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியாம்.

2

கூவியவள் தேவயானி, செவிலியர். வேலூரில் டச்சுப் பேச்சுத்தேர்வு. தேறினால் நெதர்லாந்தில் வேலை. ஒருமுறை தோற்றாயிற்று, மறுபடி தோற்றால் அந்த இடம் வேறொருத்திக்கு.

டச்சுக்காரர்கள் இரண்டு மூன்று சொற்களை ஒட்டி ஒன்றாக்குவார்கள். ஒட்டிய இடத்தில் அசை பிரியும். அழுத்தம் பெரும்பாலும் முதல் சொல்லுக்கே. மற்றவை அடங்கிப் போகும்.*

தேவயானியோ மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஆள் கூப்பிட்டு வளர்ந்தவள். எதையும் கடைசியில்தான் இழுப்பாள்.

* கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடும் வரிசையைப் போல என்று எழுதி, அடித்துவிட்டேன்.

3

அந்தி வானம் குருதி தோய்ந்த

வேண்டாம். அவள் அண்ணன் மனைவி செல்லியை இங்கே ஞானியாக்கப் பார்த்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை.

"இன்னாடி, ஆட்டத் தொலைச்சவ மாதிரி கூவுற?"

"பாடம் அண்ணி. சும்மா இருங்க."

"நீ கூவு. நான் கிளி ஓட்டணும்."

செல்லி தகர டின்னைத் தட்டினாள். முதல் அடி ஓங்கி, மற்றவை லேசாக: டங், டக், டக், டக். தேவயானியின் சொல்லும் கூடவே விழுந்தது: ப்ளூட்-ட்ருக்-மே-டர்.

கிளிகள் கூட்டமாக எழும்பின.

"ஒன் பாஷைக்குக் கிளியே ஓடுது பாரு!"

"இன்னொரு வாட்டி அடிங்க அண்ணி!"

பொழுது சாயும்வரை அடித்தார்கள். கொல்லையில் ஒரு கிளிகூட இறங்கவில்லை.

4

தேர்வுக்கு நானும் போனேன், இலக்கியத்தின் சார்பில்.

"நீங்க இன்னாத்துக்குங்க வர்றீங்க?" என்றாள் செல்லி.

மூடிய கதவுக்குள்ளிருந்து தேவயானியின் குரல் கேட்டது. முதல் சொல்லிலேயே அடி சரியான இடத்தில் விழுந்தது. வெளியே செல்லியின் விரல் டிபன் பாக்ஸைத் தட்டிக்கொண்டிருந்தது.

முடிவு அ: தேறினாள்.

முடிவு ஆ: தே

இல்லை, இதை எழுதமாட்டேன். உயர்ந்த கலை முடிவைத் திணிக்காது. ஆகவே, வாசகரே, அதை உங்களிடமே விடுகிறேன்.

சாயங்காலம் தேர்வு முடிவு சொன்னதும், என் பக்கத்து நாற்காலியில் ஒரு லட்டை வைத்துவிட்டு இருவரும் மலைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். நான் அப்போது வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.